12-ஆம் பைட்டைப் பார்

பிரவுசரில் ‘டிஎன்.ஜிஓவி.இன்’ என்று அடித்தவுடன், அந்தப் பெயருக்கான ஐபி முகவரியைக் கேட்டு ஒரு சின்ன டிஎன்எஸ் செய்தி கிளம்புகிறது. கூடுதல் இணைப்பு எதுவும் இல்லையென்றால் அது 27 பைட்தான். வடிவத்தை வகுத்தது 1987 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் எழுதிய ஆர்எஃப்சி 1035. அடிப்படையில் இன்றும் அதே வடிவம்தான். சி மொழியில் நாமே எழுதிப் பார்க்கலாம்.

முதல் 12 பைட் ஹெடர். தலா 2 பைட்டாக ஆறு எண்கள்: அடையாள எண், கொடிகள், கேள்வி எத்தனை, பதில் எத்தனை என்பதுபோல நான்கு எண்ணிக்கைகள். பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும். இன்டெல் கணினிகளோ சிறியதை முதலில் வைப்பவை. வந்த பஃபரின் மேல் ஒரு ஸ்ட்ரக்டைக் காஸ்ட் செய்து வேலையை முடிக்கப் பலருக்கும் ஆசை வரும். வேண்டாம். பைட் வரிசையும் சிக்கல், பிட் ஃபீல்டின் வரிசையும் கம்பைலருக்குக் கம்பைலர் மாறும். முதல் பைட்டை 8 இடம் இடப்பக்கம் தள்ளி, இரண்டாவதோடு ‘ஆர்’ செய்தால் எந்த மெஷினிலும் சரியாக வரும்.

அடுத்து பெயர். புள்ளிகள் போவதில்லை; ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் போகிறது: 2, டி, என், 3, ஜி, ஓ, வி, 2, ஐ, என், கடைசியில் 0. மொத்தம் 11 பைட். அதன்பின் வகைக்கு 2, வகுப்புக்கு 2. என்கோடிங் முடிந்தது.

டிகோடிங்கில்தான் நிதானம் வேண்டும். வரும் செய்தியை எழுதியவர் யாரென்றே நமக்குத் தெரியாது.

ஒரு துண்டு 63 பைட்டைத் தாண்டக்கூடாது, ஏனென்றால் நீள பைட்டில் கீழே உள்ள 6 பிட்தான் நீளம். மேலே உள்ள 2 பிட்டும் 1 என்றால் அது நீளமே இல்லை, பாயின்டர். மீதி 6 பிட்டும் அடுத்த பைட்டும் சேர்ந்த 14 பிட், செய்தியில் 0-இலிருந்து எண்ணி எத்தனையாவது பைட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லும். பதிலில் பெயர் வரவேண்டிய இடத்தில் பெரும்பாலும் 192, 12 என்று இரண்டே பைட் இருக்கும்: 12-ஆம் பைட்டில் தொடங்கும் கேள்விப் பெயரையே எடுத்துக்கொள் என்று பொருள். ‘ஜிஓவி.இன்’ மட்டும் வேண்டுமானால் 192, 15. யூடிபியில் 512 பைட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கவேண்டியிருந்த காலத்தின் சிக்கனம் இது. இந்த வடிவத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் பைட்டை வெறும் ‘சார்’ வகையில் வாங்கினால், பல கம்பைலர்களில் 192 என்பது -64 ஆகிவிடும். ‘63-க்குள் இருக்கிறதா’ என்ற சோதனையை அது சுலபமாகத் தாண்டிவிடும். ‘அன்சைன்ட் சார்’ போடுங்கள்.

இந்த இடத்தில் டீயைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 12-ஆம் பைட்டில் 1, 13-இல் ஏதோ ஓர் ஆங்கில எழுத்து, 14-இல் ‘12-க்குப் போ’ என்ற பாயின்டர். பின்னோக்கித்தான் போகிறது, ஆனாலும் முடிவே இல்லாமல் சுற்றும். ஆகவே ‘பாயின்டர் தன் இடத்துக்கு முன்னால்தான் காட்டவேண்டும்’ என்ற விதி போதாது. இதுவரை தொட்ட எல்லாவற்றிலும் மிகச் சிறிய இடத்துக்கும் முன்னால் காட்டவேண்டும். கூடவே, பெயரின் மொத்த நீளம் 255 பைட்டைத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடவேண்டும். தாவி முடித்தபின் அடுத்த புலத்தைத் தேடவேண்டியதும் தாவிய இடத்தில் அல்ல, முதல் பாயின்டரின் இரண்டு பைட்டுக்கு அடுத்து.

இவை ஏட்டுப் பயங்கள் அல்ல. 2021 ஏப்ரலில் ஃபோர்ஸ்கவுட், ஜேஎஸ்ஓஎஃப் நிறுவனங்களின் ஆய்வாளர்கள் ‘நேம்:ரெக்’ என்ற பெயரில் 9 ஓட்டைகளை வெளியிட்டார்கள். ஃப்ரீபிஎஸ்டி உள்பட நான்கு நெட்வொர்க் மென்பொருள்களில் அவை இருந்தன. பெரும்பாலானவை இந்தச் சுருக்கப் பெயரைப் பிரிக்கும் இடத்தில்தான். அந்த வடிவம் வெளிவந்து 33 வருஷம் ஆகியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. ஒரு துண்டுக்குள் எந்த பைட்டும் வரலாம், 0-வும் வரலாம். அதை அப்படியே சி ஸ்ட்ரிங்காக நகலெடுத்தால் பெயர் பாதியில் அறுந்து, வேறொரு பெயராகத் தெரியும். அச்சில் வராத பைட்டையும், துண்டுக்குள்ளேயே வரும் புள்ளியையும் பின்சாய்கோடு போட்டு எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் நம் கேள்விக்கு ஒரே முகவரியோடு வரும் 43 பைட் பதிலை எடுத்து, 0 முதல் 42 பைட் வரை ஒவ்வொரு நீளத்திலும் வெட்டி, நினைவக எல்லை மீறலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டிப் பாருங்கள். அத்தனை தடவையும் உங்கள் ஃபங்ஷன் பிழை என்றே திருப்பவேண்டும்.