'டூ மச்' என்றால் போதுமா?

அம்பத்தூர் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலையைக் கேட்டால், "இது டூ மச்சுப்பா!" என்கிறோம். ஆவடியில் ஆட்டோக்காரர் இரட்டிப்பாகக் கேட்டால், "ரொம்ப ஓவர்!" அப்புறம் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

எங்கள் அம்மா காலத்தில், "என்னப்பா, யானை விலை குதிரை விலை சொல்றே? இது பகல் கொள்ளையாயிருக்கே!" என்பார்கள். அந்தப் பேச்சு சுருக்கென்று தைக்கும். கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். 'டூ மச்' என்றால் அவரும் சிரிக்கிறார், நாமும் சிரிக்கிறோம். விலை மட்டும் இறங்குவதில்லை.

இங்கிலீஷ் மேல் எனக்குக் கோபமில்லை. பஸ், டிக்கெட், ரேஷன் இல்லாமல் நம் பேச்சு ஏது? ஆனால் பணம் கேட்கிறவர்கள் சொல்லும் இங்கிலீஷ் பெயர்களைக் கொஞ்சம் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

'டொனேஷன்' என்றால் நன்கொடை. மனமுவந்து தருவதுதானே நன்கொடை? "கட்டினால்தான் சீட்" என்றால் அது எப்படி நன்கொடையாகும்? அப்படி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992லேயே சட்டம் வந்துவிட்டது.

'கூலிங் சார்ஜ்' என்றால் குளிரவைத்த கூலி! பாட்டிலில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் கடைக்காரர் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. வரியும் அந்த விலையிலேயே அடக்கம். மீறினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

'அட்வான்ஸ்' என்றால் முன்பணம். பத்து மாத அட்வான்ஸ் சென்னையில் நெடுநாள் பழக்கம். வாடகை 8,000 என்றால் முன்பணம் 80,000. புதுக்குடித்தனம் போகிறவளின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமோ மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் கூடுதலாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாமே சம்மதித்ததாகிவிடும். அதனால் பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். அட்வான்ஸ் பற்றி எழுதியிருக்கும் வரியை இரண்டு தரம் படியுங்கள்.

அடுத்த முறை யாராவது பெரிய பெயர் சொல்லிப் பணம் கேட்டால், சண்டை வேண்டாம். "இந்தக் காசு எதுக்குங்க? ரசீது குடுப்பீங்களா?" என்று நிதானமாகத் தமிழில் கேளுங்கள். நியாயமான பணமென்றால் ரசீது தருவதில் அவர்களுக்கு என்ன கஷ்டம்?