வாடகை பாக்கியும் தையல் மெஷினும்

பல வருஷங்களுக்கு முன், மும்பையில் ஒரு காலை, கடை திறக்கிற நேரம். திருநெல்வேலிப் பக்கத்துத் தையல்காரப் பையன் ஒருவன் வந்து நின்றான். "அண்ணாச்சி, ரெண்டு மாச வாடகை பாக்கி. வீட்டுக்காரர் ரூமைப் பூட்டிட்டார். மெஷின் உள்ளே இருக்கு. பணத்தை வெச்சாத்தான் தருவாராம்" என்றான்.

மெஷின் இல்லாமல் அவன் எதைச் சம்பாதித்து வாடகை கொடுப்பான்? அன்று எனக்குச் சட்டம் தெரியாது. நாலு பேராகப் போய்ப் பேசி மீட்டோம். ஆனால், வீட்டுக்காரருக்கு அப்படி ஓர் உரிமை உண்டா என்ற கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. பிறகு சட்டப் புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வாடகை பாக்கி என்பது கடன். சாமான் அதற்கு அடகு அல்ல. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு, பொதுப்பாக்கிக்காகச் சரக்கைப் பிடித்து வைக்கும் உரிமையை ஐந்து பேருக்கே தருகிறது: வங்கிக்காரர், கமிஷன் மண்டிக்காரர், துறைமுகக் கிட்டங்கிக்காரர், உயர்நீதிமன்ற அட்டர்னி, இன்ஷூரன்ஸ் பாலிசி தரகர். அதுவும் அவர்களிடம் ஒப்படைத்த சரக்கின் மேல்தான். மற்றவர்களுக்கு வெளிப்படையான ஒப்பந்தம் வேண்டும். வீட்டுக்காரர் இந்தப் பட்டியலில் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்து 1882 சட்டத்தில்கூட, மும்பை, சென்னை, கல்கத்தாவில் வாடகைக்காக ஜப்தி செய்ய வேண்டுமானால் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். கோர்ட் ஆள்தான் வருவார். அதுவும் பகல் வெளிச்சத்தில்.

கோர்ட்டுக்கும் எல்லை உண்டு. டிக்ரி ஆன பிறகும், 1908 சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி, உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, பெண்கள் கழற்றக்கூடாத தாலி போன்ற நகை, தொழிலாளியின் கருவி ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. கோர்ட்டே தொடக்கூடாத தையல் மெஷினை வீட்டுக்காரர் எப்படித் தொடலாம்? பாக்கியை வசூலிக்கவென்று கடன்காரனின் பொருளைச் சம்மதமில்லாமல் எடுத்துப்போவதும் திருட்டாகலாம் என்று 1895லேயே கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

சரி, பூட்டிவிட்டால் என்ன செய்வது? பூட்டை உடைக்கப் போகாதீர்கள். உள்ளே உள்ள சாமான்களைப் பட்டியல் எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குங்கள். வாடகை ரசீது, அக்ரிமெண்ட், பூட்டின போட்டோ எல்லாம் பத்திரம். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். "இது சிவில் மேட்டர்" என்று சொல்லி அனுப்பினாலும் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கியைக் கொடுக்கத் தயார் என்று ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

சட்டவழியில்லாமல் குடித்தனக்காரரை வெளியேற்றினால், 1963ஆம் ஆண்டு குறித்த வகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். வீடு யாருக்குச் சொந்தம் என்று அங்கே பார்ப்பதில்லை. சாமானை மீட்க 7ஆம் பிரிவு. ஆறு மாதம் என்ற கெடுவை மறக்க வேண்டாம். வக்கீல் வைக்க வசதியில்லையா? 1987 சட்டப்படி இலவச சட்ட உதவி மையம் உண்டு. பெண்களுக்கு வருமானக் கணக்கே கேட்பதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு வாடகை கொடுக்க வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாக்கி பாக்கிதான். வீட்டுக்காரர் மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டு வசூலிக்கலாம், காலி செய்யச் சொல்லியும் கோர்ட்டுக்குப் போகலாம்.

அந்தப் பையன் பாக்கியை மூன்று தவணையில் தீர்த்தான். மெஷின் கைக்கு வந்ததால்தான் தீர்க்க முடிந்தது.