வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாமா? சட்டம் கேட்பதும் பெற்றோர் செய்ய வேண்டியதும்

"பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பித்தால் என்ன?" இந்தக் கேள்வி பெரிய நகரங்களில் மட்டும் எழுவதில்லை. எங்கள் ஒட்டுசுட்டானிலும் எழுகிறது. இங்கு பெரும்பாலும் தூரம்தான் காரணம். மாங்குளம் - முல்லைத்தீவு வீதியை விட்டு உட்பக்கம் போனால் பஸ் குறைவு, யானைப் பயம் வேறு. பெண்பிள்ளை என்றால் பெற்றோரின் கவலை இரட்டிப்பாகிறது.

என் சாச்சிக்கும் இந்த எண்ணம் வந்தது. அவருடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது. மாரி காலத்தில் தொய்வு வந்து அடிக்கடி பாடசாலை தவறிப்போகும். சாச்சி உயர்தரம் வரை படித்தவர். "நானே படிப்பிச்சிடுவன் மச்சான், சட்டத்தில பிழை ஏதும் வருமா?" என்று வாப்பாவிடம் கேட்டார். வாப்பாவுக்கு விடை தெரியவில்லை. அதனால் நான் தேடிப் பார்த்தேன். அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

நமது நாட்டில் கல்விக்கு அடிப்படையான சட்டம் 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம். அதன் கீழ் 1997இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலை வரவைக் கட்டாயமாக்கின. 2016இல் இந்த மேல் எல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. இது சிறிய மாற்றமன்று. பதினான்கு வயதில் ஒரு பிள்ளை தரம் ஒன்பதளவில் நின்றுவிடலாம். பதினாறு என்றால் க.பொ.த. சாதாரண தரத்தின் வாசல் வரை வர வேண்டும். 2021இல் பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதும் பதினாறாக்கப்பட்டது. ஆகவே படிப்பை விட்டு வேலைக்குப் போவதற்கான வழியும் அந்த வயது வரை அடைக்கப்பட்டுள்ளது.

இங்கே கவனிக்க வேண்டியது, கடமை பெற்றோர் மீதே சுமத்தப்பட்டிருக்கிறது என்பதாகும். பிள்ளைகளின் வரவைக் கவனிக்கப் பாடசாலை வரவுக் குழுக்களுக்கும் இடம் வைக்கப்பட்டுள்ளது. ஆண், பெண் என்ற வேறுபாடு இந்த வயதெல்லையில் இல்லை. "பெரிய பிள்ளையாகிவிட்டாள், இனி வீட்டில் இருக்கட்டும்" என்பது சட்டத்தின் முன் ஒரு காரணமாகாது.

உலகில் எல்லா நாடுகளும் ஒரே மாதிரி இல்லை. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்குத் தகுந்த முழுநேரக் கல்வியைப் பாடசாலையிலோ வேறு வழியிலோ கொடுக்கலாம் என்கிறது. அதனால் அங்கே வீட்டுக்கல்விக்கு இடமுண்டு. ஜேர்மனியில் பாடசாலைக்குச் சென்றே ஆக வேண்டும். அங்கே வீட்டுக்கல்வி கேட்ட பெற்றோரின் முறைப்பாட்டை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் 2006இல் ஏற்கவில்லை. ஆகவே இலண்டனில் இருக்கும் உறவினர் செய்வதைப் பார்த்து நாமும் இங்கே செய்யலாம் என்று எண்ணக்கூடாது.

அப்படியானால் பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலாவது, பிள்ளையின் பெயரைப் பாடசாலை இடாப்பிலிருந்து அவசரப்பட்டு நீக்கக்கூடாது. விடுகைப் பத்திரம் எடுப்பது இலகு, இடைவெளிக்குப் பின் மீண்டும் சேர்ப்பது கடினம். நோய்தான் காரணம் என்றால் மருத்துவச் சான்றிதழுடன் அதிபரைச் சந்தித்து, வீட்டில் இருக்கும் நாட்களுக்குரிய பாடங்களைக் கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது, வேறு ஏற்பாடு வேண்டுமென்றால் வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெற வேண்டும். பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைகளுக்காக அங்கே முறைசாராக் கல்விப் பிரிவும் உண்டு.

மூன்றாவது, பிறப்புச் சான்றிதழ், மாணவர் அறிக்கைகள், மருத்துவக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கோவையில் வைத்திருக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன ந‌ம் மூத்தவர்களைக் கேட்டால் ஒரு துண்டுப் பத்திரத்தின் பெறுமதியைச் சொல்வார்கள்.

நான்காவது, பரீட்சையை முன்கூட்டியே நினைக்க வேண்டும். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். ஆனால் பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் செய்து கொடுக்கும் விண்ணப்பம், அடையாள அட்டை ஒழுங்குகள் யாவற்றையும் அப்போது பெற்றோரே பார்க்க வேண்டும். இலவசப் பாடநூல், சீருடை, ஆய்வுகூடம் என்பனவும் பாடசாலையோடு சேர்ந்தவை.

வீட்டில் படிப்பிப்பது எவ்வளவு பாரம் என்பதை 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாம் எல்லோரும் கண்டோம். எங்கள் வீட்டில் ஒரே கைத்தொலைபேசி. நானும் தம்பியும் மாறி மாறி அதைப் பிடித்தோம். சிக்னல் கிடைக்காத நாட்களில் உம்மாதான் ஆசிரியை. உம்மா கணக்கும் தமிழும் நன்றாகவே சொல்லித் தந்தார். ஆனால் சமையலையும் தையலையும் விட்டுவிட்டு அவரால் தினமும் ஐந்து மணித்தியாலம் உட்கார முடியவில்லை. ஒரு தாய்க்கு அறிவு இருந்தால் மட்டும் போதாது, நேரமும் வேண்டும்.

இவற்றையெல்லாம் சாச்சியிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவ மூச்சு விட ஏலாம இருக்கிறத நீ பார்க்கல்லையே" என்றார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. சட்டம் வயதைச் சொல்லும், தாயின் பயத்தை அது அறியாது. ஆயினும் அடுத்த வாரம் அவர் கிளினிக் கொப்பியோடு அதிபரிடம் போனார். இன்று தங்கச்சியின் பெயர் இடாப்பில் இருக்கிறது. வருத்தமான நாட்களின் குறிப்புகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கொண்டுவந்து கொடுக்கிறாள். சாச்சி மாலையில் அவற்றைச் சொல்லிக் கொடுக்கிறார்.

அறிவைத் தேடுவதை மார்க்கம் நமக்குக் கடமையாக்கியிருக்கிறது. அன்பான பெற்றோரே, வீட்டையும் பாடசாலையையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாம். உங்கள் மகளை நிறுத்துவதற்கு முன் அதிபரையும் வலய அலுவலகத்தையும் ஒருமுறை கேளுங்கள். தோழிகளே, உங்கள் வகுப்பில் ஒரு கதிரை பல நாட்களாக வெறுமையாக இருந்தால், அவளுடைய வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். போகும்போது உங்கள் கொப்பியையும் கொண்டு போங்கள்.