செல்போன் படத்தை பிரிண்ட் போட போறீங்களா? அசலில் கை வைக்காதீங்க!

எண்ணூர்,

மீன்பிடி படகு, மகள் கல்யாணம், வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் என்று எல்லாமே இப்போது செல்போனில்தான் இருக்கிறது. அதில் எந்தப் படம் நாளைக்கு சாட்சியாக தேவைப்படும் என்று சொல்ல முடியாது.

2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழையின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்த வெள்ளம் பாய்ந்தது. படகும் வலையும் கறுத்துப்போன கோலத்தை பலர் செல்போனில் எடுத்தனர். தேசிய பசுமை தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரித்தது. பாதித்த 787 படகுகளுக்கு தலா 10 ஆயிரம் ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு அறிவித்தது.

இப்படி ஒரு நேரத்தில் கையில் இருக்கும் படம் பேச வேண்டும் என்றால், முதல் வேலை அசலை காப்பாற்றுவதுதான்.

படத்துக்கும் கைரேகை

எடுத்த தேதி, நேரம், செல்போன் மாடல் எல்லாம் படத்துக்குள்ளேயே பதிவாகி விடும். லொக்கேஷன் ஆனில் இருந்தால் இடமும் பதிவாகும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி விடும். இந்த விவரங்களும் கழன்று விடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அசல் அப்படியே போகும்.

செல்போன் படத்தின் காப்பியையோ பிரிண்டையோ கோர்ட்டில் வைக்க, 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டும். அதில் 'ஹாஷ்' எண்ணும் கேட்கப்படுகிறது. இது படத்தின் கைரேகை மாதிரி. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறி விடும்.

அதனால் எந்த எடிட்டிங் ஆனாலும் படத்தை காப்பி எடுத்துக்கொண்டு, காப்பியில்தான் செய்ய வேண்டும்.

எடிட்டிங் எப்படி?

முதலில் சாய்ந்த படத்தை நேராக்க வேண்டும். கடல், வானம் பின்னால் இருந்தால் முகமும் படகும் இருட்டாக தெரியும். மொத்த வெளிச்சத்தையும் கூட்டினால் வானம் வெளுத்துப் போகும். 'ஷேடோ' அளவை மட்டும் கொஞ்சம் ஏற்றினால் போதும்.

முகத்தை வெளுப்பாக்கும் பில்டர் வேண்டவே வேண்டாம். வெயிலில் உழைத்து கறுத்த முகம் அப்படியே வரட்டும். கடையிலும் இதை முன்கூட்டியே சொல்லி விடணும்.

செல்போன் திரை வெளிச்சத்தை முழுசா கூட்டி வைத்து எடிட் செய்தால், படம் திரையில் பளிச்சென்று இருக்கும். பிரிண்ட் இருட்டாக வரும். நிழலில் உட்கார்ந்து, பாதி வெளிச்சத்தில் பார்த்து செய்வது நல்லது.

தலை வெட்டுப்படுவது ஏன்?

பெரும்பாலான செல்போன் படங்கள் 4-க்கு 3 என்ற கணக்கில் இருக்கும். 6 இஞ்ச் அகலத்துக்கு நாலரை இஞ்ச் உயரம் வரும். ஆனால் 4-க்கு 6 பிரிண்டில் 4 இஞ்ச்தான் இடம். மீதி அரை இஞ்ச் வெட்டப்படும். குரூப் போட்டோவில் பின்வரிசை தலை போவது இதனால்தான்.

கடைக்குப் போகும் முன்பே 3-க்கு 2 அளவில் கிராப் செய்தால், எதை வெட்டுவது என்பது நம்ம கையில் இருக்கும்.

இந்த அளவு பிரிண்ட் தெளிவாக வர, 1800-க்கு 1200 பிக்சல் இருந்தால் போதும்.

உப்புக்காற்றும் ஈரமும் உள்ள வீடுகளில் சாதாரண இங்க்ஜெட் பிரிண்ட் தண்ணீர் பட்டால் மை கரையலாம். லேப் பிரிண்ட் அதை விட தாங்கும். 2 காப்பி போட்டு, ஒன்றை மேடான இடத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைக்கலாம்.

பிரிண்ட் வாங்கியதும் அவசரப்பட்டு செல்போனில் படத்தை அழித்து விடக்கூடாது. அசல் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்து விட்டுத்தான் கடையை விட்டு கிளம்பணும்.