சான்றிதழ் இல்லாத பிள்ளையும் கல்லூரி வாசலும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவரும் நாளில் டெலானிபூர் இல்லங்களில் இருவகைக் கவலைகளைக் காணலாம். ஒன்று, பிள்ளை பெறப்போகும் மதிப்பெண்ணைப் பற்றியது. மற்றொன்று, மதிப்பெண் வந்தபின் விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டிய சான்றுகளைப் பற்றியது. முதற்கவலை எல்லா ஊர்ப் பெற்றோருக்கும் பொது. இரண்டாவதோ, ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நம்மனோர்க்கே சிறப்பாக உரியது. அதனைக் குறித்துச் சிறிது சிந்திப்போம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களுள் 100க்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது உழைக்கும் கைகளைக் கொண்டுவந்தனரேயன்றி, பிற்காலத்தில் பேரப்பிள்ளைக்குப் பயன்படுமென்று காகிதக் கட்டுகளைக் கொண்டுவந்தனரல்லர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளருள் சில குடும்பங்கள் நமது கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பெற்றன. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை அத்தீவைக் கொடுமையாகத் தாக்கியது. அலை வீட்டைக் கொண்டுபோகும்போது வீட்டிலிருந்த பெட்டியையும் கொண்டுபோகிறது. பெட்டியோடு பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் போய்விடுகின்றன.

சான்று இல்லாத குறை பிள்ளையின் சிறுவயதில் வெளியே தெரிவதில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காக 6 முதல் 14 வயது வரையுள்ள எக்குழந்தையையும் பள்ளியில் சேர்க்க மறுத்தல் ஆகாது. ஆகவே எட்டாம் வகுப்பு வரை எவரும் கேட்பதில்லை, நாமும் தேடுவதில்லை. அதன்பின்னரே இடர் தொடங்குகிறது. பொதுத்தேர்வுக்கும் கல்லூரிக்கும் பெயரும் பிறந்த நாளும் ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும். மெயின்லாந்தின் தொழிற்கல்லூரிகளில் தீவு மாணவருக்கென ஒதுக்கப்படும் இடங்களுக்கோ, உள்ளூர்வாசிச் சான்றும் வேண்டும். வகுப்பில் முதல்வனாக நின்ற பிள்ளை விண்ணப்பிக்கும் நாளில் கடைசியில் நிற்கிறான். காரணம் அறிவின் குறைவன்று, காகிதத்தின் குறைவு.

இக்குறையை ஒரு சமூகம் எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பதற்குத் தமிழகத்திலேயே சிறந்த சான்று உண்டு. 1983 முதல் இலங்கையிலிருந்து ஏதிலியராகத் தமிழகம் வந்தோர் மொத்தம் 3,04,269 பேர் என்றும், அவர்களுள் முகாம்களில் வாழ்வோர் 58,822 பேர் என்றும் 2021 ஆகஸ்டில் தமிழகச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இவர்களின் பிள்ளைகளிற் பலர் தமிழ் மண்ணிலேயே பிறந்தவர்கள். தமிழகப் பள்ளிகளிலேயே பயின்றவர்கள். எனினும் 1987 ஜூலை 1ஆம் நாளுக்குப் பின் இந்தியாவில் பிறந்தவர்க்குப் பிறப்பு ஒன்றினாலேயே குடியுரிமை கிட்டிவிடாது. பெற்றோரின் குடியுரிமையையும் சட்டம் பார்க்கிறது. ஆதலின் மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளையும் சட்டத்தின் கண்ணில் அயலாரே.

இம்மக்களுக்காக 1984இல் தோன்றியது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். தந்தை செல்வா எனப் போற்றப்பெறும் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் மைந்தர் எஸ். சி. சந்திரகாசன் அதனைத் தோற்றுவித்தவர். ஏதிலியரே ஏதிலியருக்காக நடத்திய அமைப்பு அது. முகாமில் சற்று மேற்படிப்புப் படித்த இளைஞர் மாலை வேளைகளில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தனர். கல்லூரிக்குச் செல்லத் தகுந்தோரைக் கண்டு, எங்கு எதனைப் படிக்கலாம் என்று வழிகாட்டி, கல்லூரியாரிடம் பேசி இடம் பெற்றுத் தந்து, கட்டணத்துக்கும் கழகத்தார் வழிதேடினர்.

1991 மே மாதத்தில் ராஜீவ் காந்தி கொலையுண்ட பின்னர் முகாம் மாணவருக்குக் கல்லூரி வாசல் அடைபட்டது. குற்றமேதும் அறியாத பிள்ளைகள் அதன் பயனை அனுபவித்தனர். பல முறையீடுகளுக்குப் பின்னரே கதவு மறுபடி திறந்தது. 2021இல் தமிழக அரசு முகாம் மக்களுக்கென 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தபோது, மதிப்பெண் அடிப்படையில் ஆண்டுதோறும் 50 மாணவருக்குப் பொறியியற் படிப்பின் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அளிப்பதாக உரைத்தது. பாராட்டுதற்குரிய செயல். ஆயினும் முப்பதாண்டு இடைவெளியை எண்ணிப் பாருங்கள். அரசின் கதவு திறக்கும்; சில காலம் மூடவும் செய்யும். மூடியிருக்கும் காலத்திலும் பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டேயிருக்கிறது. அந்த இடைவெளியில் படிப்பு அறுந்துபோகாமல் தாங்குவதே சமூகத்தின் வேலை.

கடல் கடந்த நாடுகளிலும் இதுவே நிலை. அமெரிக்காவில் குடியேற்ற ஆவணமில்லாத குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளிக் கல்வியை மறுக்கலாகாது என 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; கல்லூரிக்கு அத்தீர்ப்பு எட்டவில்லை. டெக்சாஸ் மாநிலம் 2001இல் அத்தகைய மாணவருக்கும் உள்ளூர்க் கட்டணச் சலுகை அளித்தது. 2025 ஜூனில் அச்சலுகை நீதிமன்ற ஆணையால் நின்றது. அங்கும் தனியார் நன்கொடையால் நடைபெறும் உதவி நிதிகளே பல மாணவருக்கு ஊன்றுகோல்.

இவற்றிலிருந்து நாம் கற்க வேண்டுவது யாது? கல்வி நிதி என்றதும் ஆண்டுவிழா மேடையில் உறை வழங்குதலே நம் நினைவுக்கு வருகிறது. ஆவணமற்ற பிள்ளைக்கு அது மட்டும் போதாது. அவனுக்கு முதற்கண் வேண்டுவது துணை. அலுவலகப் படியேற அஞ்சும் பெற்றோருடன் கூடச் சென்று, விண்ணப்பம் எழுதி, ஒருமுறை திருப்பியனுப்பினால் மறுமுறையும் சென்று நிற்கும் ஒரு பெரியவர் வேண்டும். நம்மிடையே அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற அன்பர்கள் பலர் உளர். வாரத்தில் ஒரு மாலையை அவர்கள் இதற்கு ஈந்தால், அது பல ஆயிரம் ரூபாய்க்கு ஈடாகும்.

அடுத்து வேண்டுவது காலம். பிறப்பு நிகழ்ந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது பொது விதி. ஓராண்டு கடந்துவிட்டாலோ, மாவட்ட நடுவர் அல்லது அவரால் அதிகாரம் பெற்ற நடுவரின் ஆணை தேவை. அது ஒரு நாளில் முடிகிற வேலையன்று. ஆகவே தேர்வு முடிவுக்குப் பின் அன்று, பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே சான்றுகளைச் சரிபார்க்க வேண்டும். தந்தை பெயரின் எழுத்து ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் இருப்பின் அப்பொழுதே திருத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதே பணம். அதுவும் கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டுமன்று. கப்பல் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், விடுதி முன்பணம் ஆகிய சிறு செலவுகளுக்கும் உதவ வேண்டும். பெருந்தொகைக்கு வழி செய்தவர்களும் இச்சில்லறைச் செலவில் இடறி நிற்பதுண்டு. உதவி பெற்றவர் பணத்தைத் திருப்பித் தரவேண்டுவதில்லை. முகாம் இளைஞரைப் போலத் தம்மினும் இளைய பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொன்னால் போதும். அதுவே சிறந்த வட்டி.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். காசு கொடுத்தால் எந்தச் சான்றும் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகரை அணுகற்க. பொய்ச் சான்று ஒருநாள் வெளிப்படும். அன்று பெற்ற பட்டமும் வேலையும் சேர்ந்தே போகும். ஆதார் அட்டை அடையாளச் சான்றேயன்றிக் குடியுரிமைச் சான்றன்று என்பதையும் நினைவிற்கொள்க.

1967இல் போர்ட் பிளேரில் அரசினர் கல்லூரி தொடங்கும் வரை, பட்டப்படிப்பை விரும்பிய தீவுப் பிள்ளைகள் கடல் கடக்க வேண்டியிருந்தது. இன்று அக்கல்லூரி ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயம் என்னும் பெயருடன் நம் ஊரிலேயே நிற்கிறது. ஆயினும் கையில் சான்றில்லாத பிள்ளைக்கு அது இன்னும் அக்கரையில்தான் இருக்கிறது. உங்கள் தெருவில் அத்தகைய பிள்ளை ஒருவன் இருப்பின், அவன் பெற்றோர் வெட்கத்தால் வாய்திறவாதிருக்கலாம். நீங்களே சென்று கேளுங்கள். அவர்களை இம்மாதமே சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்.