கருவுற்ற மகளிரும் நோவடக்கும் மருந்துகளும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை ஊர்களுள் ஒன்றாகிய குருக்கள்மடத்திலும், பிற இடங்களிற் போலவே, கருவுற்ற மகளிர்க்கு இடுப்புநோவு உண்டாகுமிடத்து வீட்டிலுள்ள மாத்திரையொன்றைக் கொடுத்தல் எளிது. அம்மாத்திரை யாதென முன்னர் அறிதல் இன்றியமையாதது.

இபுபுறோபன், டைக்குளோபினாக் முதலியன புறொஸ்ராகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாகாது தடுத்து, நோவையும் அழற்சியையும் தணிப்பன. அஸ்பிரின் போன்ற மருந்துகளின் இத்தொழிலை 1971இல் விளக்கிய ஜோன் வேன் 1982இல் நோபல் பரிசு பெற்றார். ஆயின், சிசுவின் சிறுநீரகத்துக்குக் குருதி செல்லவும், இதயத்தருகேயுள்ள குருதிக்குழாயொன்று பிறக்குமளவும் திறந்திருக்கவும் துணைசெய்வதும் அப்பொருளே. பனிக்குட நீரின் பெரும்பகுதி சிசுவின் சிறுநீராதலின், சிறுநீரகத் தொழில் குன்ற அந்நீரும் குன்றும். ஆகவே, 20ஆம் வாரந் தொடங்கி வைத்தியரின் பணிப்பின்றி இவற்றை உட்கொள்ளலாகாதென அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2020இல் எச்சரித்தது. 30ஆம் வாரமளவில் அக்குருதிக்குழாய் உரிய காலத்துக்கு முன் மூடும் அபாயமும் மிகும்.

பரசிற்றமோல் இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. வேண்டியபோது, குறைந்த அளவில், சில நாட்களுக்குக் கொள்ளத்தக்கது. குருதியமுக்க நோயைத் தடுத்தற்பொருட்டு வைத்தியர் விதித்த சிற்றளவு அஸ்பிரினை அச்சத்தால் தாமே நிறுத்துதலும் தவறு. அறியாது ஒரு மாத்திரை உட்கொண்டவர் கலங்க வேண்டுவதில்லை. மாத்திரையின் பெயரையும் கருவின் வாரத்தையும் குடும்பநல உத்தியோகத்தருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.