நகரத் திட்டத்தில் நமக்கு இடம் உண்டா?

இன்னும் இருபது ஆண்டுகளில் எந்தக் கரையில் கப்பல் நிற்கும், எந்தச் சாலை அகலமாகும், சந்தை எங்கே போகும் என்பதை இன்றே முடிவு செய்து வரைபடத்தில் கோடு போடுவதுதான் நகரத் திட்டம். மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டை சுமப்பவருக்கும், கிடங்கில் கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கும் இது அதிகாரிகளின் விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கோடு விழும் இடத்தைப் பொறுத்தே நம்மவர் பிழைப்பும் இருக்கிறது. கொச்சியின் நூறாண்டுக் கதையே இதற்குச் சாட்சி.

மண்ணில் எழுந்த தீவு

ஒரு காலத்தில் பெரிய கப்பல்கள் கொச்சிக்குள் வர இயலாது. முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருந்தது. கப்பல்கள் வெளிக்கடலில் நிற்கும். சரக்கைப் படகில் ஏற்றிக் கரை சேர்ப்பார்கள். 1920-ல் இங்கு வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, திட்டை வெட்டி வழி திறந்தார். 1928-ல் கப்பல் உள்ளே நுழைந்தது. தோண்டி எடுத்த மண்ணில் எழுந்ததே வில்லிங்டன் தீவு.

துறைமுகம் தீவுக்குப் போயிற்று. வேலையும் பின்னாலேயே போயிற்று. 2011-ல் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தபோது, தீவில் நடந்துவந்த கண்டெய்னர் வேலை அங்கே மாறியது. திட்டம் இடம் மாறினால் கூலியும் இடம் மாறும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

சலவைத் துறை சொல்லும் பாடம்

எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, போர்ட் கொச்சி நகராட்சிகளையும் சுற்றியிருந்த சில பஞ்சாயத்துகளையும் இணைத்து 1967-ல் கொச்சி மாநகராட்சி பிறந்தது. நகரைச் சுற்றிலும் வளர்ச்சியைத் திட்டமிட 1976-ல் விசால கொச்சி வளர்ச்சி ஆணையம் அமைந்தது.

டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க வந்ததாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் சமூகத்தாருக்குப் போர்ட் கொச்சியில் இன்றுள்ள சலவைத் துறையைக் கட்டித் தந்தது இந்த ஆணையமே. வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், கயிறு கட்டிக் காயப்போட வெளி, இஸ்திரிக் கொட்டகை எல்லாம் ஒரே இடத்தில் அமைந்தன. அவர்கள் சங்கமாக நின்றார்கள். தொழிலுக்கு இடம் நிலைத்தது.

மூலம்பள்ளியின் கண்ணீர்

மறுபக்கமும் உண்டு. வல்லார்பாடம் முனையத்துக்குச் சாலையும் ரயில் பாதையும் போட 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2008 பிப்ரவரியில் மூலம்பள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டதை மறந்தவர் இல்லை. மனை, வாடகை உதவி, வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று அரசு அடுத்த மாதமே அறிவித்தது. ஆனாலும் பலர் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஊர்க்காரர்களுக்கே, அதுவும் பத்திரம் கையில் வைத்திருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், வாடகை வீட்டில் இருக்கும் நம் கதி என்ன?

வாடகைக்காரருக்கும் உரிமை உண்டு

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. 2013-ம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம், நிலச் சொந்தக்காரரை மட்டும் பாதிக்கப்பட்டவராகக் கருதவில்லை. கையகப்படுத்தும் நிலத்தில் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் குடியிருந்த நகர்ப்புறக் குடும்பமும் அந்தக் கணக்கில் சேரும்.

ஆனால் மூன்று ஆண்டு இருந்ததற்கு அத்தாட்சி வேண்டுமே! ரேஷன் கார்டு திருநெல்வேலியில், வாடகை பேசியது வாய்மொழியில் என்றால் அதிகாரியிடம் எதைக் காட்டுவது? வாடகை ரசீது, காஸ் இணைப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து வைப்பது அவசியம். கணக்கெடுக்க வருகிறவர்களிடம், "நாங்கள் வெளியூர்" என்று சொல்லிக் கதவை மூடுவது நமக்கே கேடு.

பட்டியலில் பெயர் இருப்பதன் பலனை இங்கேயே பார்க்கிறோம். போர்ட் கொச்சி துருத்தியில் நிலமற்ற குடும்பங்களுக்காக எழுந்த இரண்டு அடுக்குமாடிகளில், 2025-ல் 394 குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது.

இனிச் செய்ய வேண்டியது

அதே 2025-ல் மட்டாஞ்சேரிக்கும் வாட்டர் மெட்ரோ படகு வந்துவிட்டது. எர்ணாகுளம் போய்வருவோருக்கு நிம்மதிதான். ஆனால் போக்குவரத்து வசதி பெருகும் இடத்தில் வாடகையும் ஏறும் என்பது எந்த நகரிலும் கண்ட அனுபவம். படகுத் துறை கட்டத் திட்டமிடுபவர்கள், அங்கே வேலை செய்பவர் குடியிருக்க இடமும் திட்டத்தில் ஒதுக்க வேண்டும்.

இதை நாம்தான் கேட்க வேண்டும். கேரளத்தின் 2016-ம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, மாஸ்டர் பிளான் நகலை வெளியிட்டு, மக்களின் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் பெற்ற பிறகே அது முடிவாகும். மலையாளப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் அதைப் படித்துச் சொல்லலாம். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குக் கூடுவதுபோல் இதற்காகவும் ஒருநாள் கூடி, கையெழுத்திட்டு ஒரு மனு கொடுக்கலாம். கோடு போட்ட பிறகு அழுவதைவிட, கோடு போடும் முன் கேட்பது மேல்.